யமாஹா ஒய்16: சுங்கை சிப்புட்டில் சில வருஷம் ஓட்டிய பிறகு

2021 டிசம்பரில் யமாஹாவின் ஒய்16இசட்ஆர் மோட்டார்சைக்கிள் வெளிவந்தபோது, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில் சாப்பாட்டுக் கடை, பட்டறை, கோயில் வாசல் எங்கே போனாலும் அதே பேச்சுதான். பரிந்துரை விலை 10,888 ரிங்கிட். "கப்சாய்க்குப் பத்தாயிரமா?" என்று கேட்காத ஆளே இல்லை. சின்ன கியர் மோட்டாரை இங்கே கப்சாய் என்போம். நான் அடுத்த வருஷம் வாங்கினேன். என் பழைய யமாஹா 135எல்சி தம்பி கைக்குப் போனது. அன்றிலிருந்து வேலைக்கும் கடை கண்ணிக்கும் இந்த மோட்டார்தான். வாங்கிய சூட்டில் எழுதும் விமர்சனங்கள் நிறைய இருக்கின்றன. நான் சொல்லப்போவது டயர் தேய்ந்து, செயின் மாற்றி, ஸ்டிக்கர் வெளுத்த பிறகு தெரிந்த விஷயங்கள்.

முதலில் என் பாதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றது புரியாது. வீடு தோட்டத்துக்குள். வெளியே வர செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை மரங்களுக்கு நடுவே செம்மண் சாலை. பிறகு டவுன், அதன்பின் ஒன்றாம் எண் கூட்டரசுச் சாலையில் கந்தான், சிம்மோர் வழியாக ஈப்போ தாசேக் தொழிற்பேட்டை வரை ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். கந்தான் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக நகரும். ஒரே நாளில் இரண்டு வேறு உலகம். ஒய்16 ஒரு உலகத்துக்கு மட்டும்தான் செய்யப்பட்டது என்பது என் அபிப்பிராயம்.

அந்த உலகம் தார் ரோடு. அங்கே இந்த மோட்டாரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. 155 சிசி, தண்ணீரில் குளிரும் இன்ஜின், ஆறு கியர், 17.7 குதிரைசக்தி. எல்லோரும் பெருமையாகச் சொல்லும் விவிஏ என்பது வேறொன்றுமில்லை, உள்ளிழுக்கும் வால்வுகளைத் திறக்க இரண்டு விதமான கேம் இருக்கிறது. குறைந்த சுற்றில் சின்னது வேலை செய்யும். ஆர்பிஎம் 7,000-ஐத் தாண்டி ஏறும்போது பெரியது பிடித்துக்கொள்ளும். பழைய எல்சியில் மேல் சுற்றில் மூச்சு வாங்குமே, அந்த இடத்தில்தான் இது கிளம்பும். கல் லாரியை முந்த எதிர்ப்பக்கம் காலியாக இருக்கும் நேரம் கொஞ்சம்தான். ஒரு கியர் இறக்கி முறுக்கினால் லாரியின் பின்சக்கரத்துப் புழுதியிலிருந்து டிரைவர் கதவு வரை யோசிக்க நேரம் இல்லாமல் வந்துவிடலாம். ஸ்லிப்பர் கிளட்ச் இருப்பதால் கியரை அவசரமாக இறக்கினாலும் பின்சக்கரம் துள்ளாது. கிளட்ச் லிவரும் லேசு. சாயங்கால நெரிசலில் அதன் அருமை இடது கைக்குத் தெரியும்.

தோட்டத்துக்குள் நுழைந்தால் கதை வேறு. இந்த 17.7-ஐ வைத்து அங்கே என்ன செய்வது? முதல் கியர், இரண்டாம் கியர், அவ்வளவுதான். மழை பெய்தால் செம்மண் டயரின் பள்ளங்களை அடைத்துக்கொள்ளும். 120 அளவு பின் டயர் பார்க்க அழகு, சேற்றில் அகலம் உதவாது, மிதக்கும். லாரியிலிருந்து உதிர்ந்த பழம் நசுங்கிக் கிடக்கும் வளைவில் பிரேக் பக்கம் விரல் போகவே கூடாது. முன்னும் பின்னும் டிஸ்க் இருந்தாலும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் என் வண்டியில் கிடையாது. 2025 ஜனவரியிலிருந்து 150 சிசியும் அதற்கு மேலும் உள்ள புதிய மாடல்களுக்கு ஏபிஎஸ் கட்டாயம் என்று அரசாங்கம் விதி கொண்டுவந்தது. இன்னும் முன்னாலேயே கொண்டுவந்திருக்கலாம் என்று அந்த வளைவில் ஒவ்வொரு மழைக்கும் நினைத்துக்கொள்வேன்.

முள்ளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்த விமர்சனத்திலும் இது வராது. வெட்டிப் போட்ட செம்பனை மட்டையின் அடியில் இருக்கும் முள், காய்ந்த பிறகு ஊசி மாதிரி. டயரில் ஏறினால் வெளியே நீட்டிக்கொண்டிருக்காது, ரப்பர் மட்டத்தோடு முறிந்துவிடும். நிறமும் கறுத்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. டியூப்லெஸ் என்பதால் காற்று உடனே இறங்காது. காலையில் வண்டியை நகர்த்தும்போது பின்பக்கம் கனமாக இருக்கும், அவ்வளவுதான் அறிகுறி. சோப்புத் தண்ணீரைத் துணியில் நனைத்து டயர் முழுக்கத் தடவி, சக்கரத்தை மெல்லச் சுற்றினால் ஓரிடத்தில் குமிழி கிளம்பும். சின்னக் குமிழி, கடுகு அளவுக்கு. அங்கே கத்தி நுனியால் கிளறி, குறடால் பிடுங்க வேண்டும். பெரும்பாலும் முள்ளை எடுத்ததும்தான் காற்று சத்தத்தோடு இறங்கும். அதனால் ரப்பர் திரியைப் பசை தடவித் தயாராக வைத்துக்கொண்டுதான் பிடுங்குவேன். சீட்டுக்கு அடியில் இருக்கும் கொஞ்சம் இடத்தில் மழைக்கோட்டுக்கு முன்னால் அந்தத் திரிப்பெட்டிக்குத்தான் முதல் இடம்.

இப்போது மற்றவர்கள் சொல்வது. யமாஹா புதிது வந்ததும் பழையதை நிறுத்திவிடவில்லை. 2006-இல் வந்த 135எல்சியும், 2015-இல் வந்த ஒய்15-உம் ஒய்16 வந்த பிறகும் கடையில் இருந்தன. அதனால் எங்கள் ஊரில் ஆளுக்கொரு கட்சி. ஒய்15 வைத்திருக்கும் பசங்களிடம் ஒய்16 பற்றிக் கேட்டால் முதலில் முகப்பைத்தான் குறை சொல்வார்கள். பிறகு சாமான் விலை. அதற்கு மேல் போட்டியில் எதை அடித்தோம் என்று ஆரம்பித்தால் நான் எழுந்து வந்துவிடுவேன். அவர்கள் சொல்வதில் ஒன்று நியாயம்: ஒய்15-க்கு மாற்றுச் சாமான் எந்தக் குட்டி டவுனிலும் கிடைக்கும். அதே காரணத்தால்தான் திருடனுக்கும் அதன் மேல் பிரியம். ஒய்16-இல் சாவி போடாமல் ரிமோட்டில் இயங்கும் முறை கொஞ்சம் நிம்மதி. ஆனாலும் ராத்திரி சங்கிலி போடாமல் நான் தூங்கியதில்லை.

பழம் வெட்டும் என் மாமா இன்னும் ஹோண்டா இஎக்ஸ்5-தான். 1987-இலிருந்து இந்த நாட்டில் ஓடும் பெயர் அது. அவருடைய கேள்வி ஒன்றே ஒன்று.

"மாப்பிள்ள, இதுல கேஸ் தோம்பை எங்கடா வைப்ப?"

பதில் கிடையாது. இஎக்ஸ்5-இல் சீட்டுக்கும் கைப்பிடிக்கும் நடுவே பள்ளம் இருக்கிறது. தோம்பு என்று நாங்கள் சொல்லும் 14 கிலோ கேஸ் சிலிண்டர் அங்கே உட்கார்ந்துகொள்ளும், அரிசி மூட்டையும் அப்படித்தான். ஒய்16-இல் அந்த இடம் உயர்ந்து, உடம்பெல்லாம் பிளாஸ்டிக் மூடியிருக்கிறது. மளிகைக்குப் போனால் முதுகுப்பைதான். இருக்கை உயரம் 795 மில்லிமீட்டர், பின்சீட்டு அதைவிட மேலே. அம்மா புடவையோடு ஒரு தடவை ஏறப் பார்த்துவிட்டு, "இது எனக்கில்லப்பா, தம்பி எல்சில வரட்டும்" என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு இன்றுவரை எல்சிதான் போகிறது.

ரோடு டேக்ஸ் விஷயத்தில் மாமாவுக்குத் தனிக் கோபம். 150 சிசி வரைக்கும் வருஷத்துக்கு இரண்டு வெள்ளி, அதாவது ரிங்கிட். 151-லிருந்து 200 வரை முப்பது வெள்ளி. வெறும் ஐந்து சிசிக்காக இருபத்தெட்டு வெள்ளியா என்பார். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை, இரண்டு பேர் சாப்பாட்டுக் காசு. வலிப்பது இன்ஷூரன்ஸ்தான். அதோடு விளம்பரத்தில் போடும் விலை வேறு, ரோட்டில் இறக்கும் விலை வேறு. பதிவு, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடாமல் கடைக்குப் போகாதீர்கள். நான் முதலில் போன கடையில், ரொக்கம் என்றதும் "ஸ்டாக் இல்லை" என்றார்கள். லோன் எடுக்கிறேன் என்ற பையனுக்கு அதே வாரம் வண்டி கிடைத்தது. பெயர் வேண்டாம், இந்த வித்தை பல ஊரில் இருக்கிறது. நான் வேறு கடையில் வாங்கினேன்.

செலவுக்கு வருவோம். நிதானமாகப் போனால் லிட்டருக்கு நாற்பது கிலோமீட்டரைச் சுற்றிக் கிடைக்கிறது. டேங்க் 5.4 லிட்டர். ஒய்15-இன் 4.2-ஐவிட இது எவ்வளவோ மேல். பட்டர்வொர்த் வரை நெடுஞ்சாலையில் போனாலும் நடுவில் பெட்ரோல் ஊற்ற ஒதுங்க வேண்டியதில்லை, மோட்டாருக்கு டோலும் கிடையாது. மைகாட் என்னும் அடையாள அட்டையைக் காட்டி லிட்டர் 1.99 வெள்ளி விலையில் ஊற்றினால் டேங்க் நிறைய பத்து வெள்ளிச் சொச்சம். கறுப்பெண்ணெயை, அதாவது இன்ஜின் ஆயிலை, நான் கையேட்டில் சொன்னதற்கு முன்னாலேயே மாற்றிவிடுவேன். செம்மண் புழுதிக்கு ஏர் ஃபில்டரும் சீக்கிரம் அடைக்கும், ஊர்க்காரர்கள் அதைத் திறந்து பார்ப்பதே இல்லை. செயினுக்கு எண்ணெய் விடுவதைவிட முதலில் மண்ணைக் கழுவுவது முக்கியம். மண்ணோடு எண்ணெய் சேர்ந்தால் ஸ்ப்ராக்கெட்டின் பல்லைத் தின்றுவிடும்.

டவுனில் எங்கள் பட்டறை தவுக்கே, அதாவது முதலாளி, நன்றாகத் தமிழ் பேசுவார். அவரிடம் எது நல்ல வண்டி என்று கேட்டேன்.

"தம்பி, எல்சி வந்தா நான் காதால கேட்டே சொல்லிடுவேன். இது வந்தா ஸ்கேனரைத் தேடணும். ஓட்டுறதுக்கு இதுதான் நல்லது. ரிப்பேருக்கு அதுதான் நல்லது."

எல்சியும் இப்போது கணினி பார்த்துக்கொள்ளும் ஃபியூவல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டது, அவர் காதுக்கு வேலை குறைந்துகொண்டேதான் வரும்.

புது வரிசையின் மேல் எனக்கு இருக்கும் வருத்தம் இதுதான். ஒவ்வொரு புது மாடலும் இளவட்டத்தைப் பார்த்து இன்னும் உயரமாக, இன்னும் கூர்மையாக வருகிறது. கட்டிச் சுமப்பவனைப் பார்த்து ஒன்றும் வருவதில்லை. இந்த இன்ஜினையே, இதே ஆறு கியரையே, நடுவில் பள்ளம் வைத்து, சீட்டை இறக்கி, முன்கூடை மாட்டும் இடத்தோடு ஒரு வண்டியில் போட்டால் எங்கள் தோட்டத்திலேயே பாதிப்பேர் வாங்குவார்கள்.

அதுவரைக்கும் என் கணக்கு இப்படி. தினமும் ஈப்போவுக்கோ அதற்கு அப்பாலோ ஓடுகிறவர்கள் ஒய்16-ஐத் தயங்காமல் வாங்கலாம். தோட்டத்துக்குள்ளும் டவுனுக்கும் மட்டும் போய் வருகிறவர்கள் எல்சி அல்லது இஎக்ஸ்5-ஐப் பார்த்துவிட்டு, மிச்சப் பணத்தில் நல்ல டயரும் உறுதியான சங்கிலியும் வாங்குங்கள். வீட்டில் ஒரே மோட்டார்தான் என்றால், அதில் அம்மாவை ஏற்றிப் பார்க்காமல் புக்கிங் பணம் கட்ட வேண்டாம்.