மென்னேயாவா, ஜேக்கப்ஸா?

இத்தாலியின் மிகச் சிறந்த குறுந்தொலைவு ஓட்டக்காரர் யார் என்ற கேள்விக்கு 2021 வரை பியெத்ரோ மென்னேயா என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடலாம். அந்த ஆகஸ்ட் 1 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் மார்செல் ஜேக்கப்ஸ் 100 மீட்டரை 9.80 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். முடிந்துபோன வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்தது. 1960இல் ரோமில் கறுப்புக் கண்ணாடியோடு ஓடி 200 மீட்டர் தங்கம் வென்ற லிவியோ பெர்ருத்தியை நான் மறக்கவில்லை. ஆனால் இந்த வழக்கில் அவர் சாட்சி மட்டுமே.

பதக்கத்தின் தூய்மையைப் பார்த்தால் ஜேக்கப்ஸுக்குத்தான் என் வாக்கு. அதுவரை எந்த இத்தாலிய ஆணும் ஒலிம்பிக் 100 மீட்டர் இறுதிக்கே வந்ததில்லை. சில ஆண்டுகளுக்கு முன்புவரை நீளம் தாண்டிக்கொண்டிருந்தவர் இவர். பின்காற்றின் உதவி விநாடிக்கு வெறும் 0.1 மீட்டர், அமெரிக்கர்களும் களத்தில் இருந்தார்கள். ஐந்து நாள் கழித்து 4x100 தொடரோட்டத்தில் இன்னொரு தங்கம், 37.50 விநாடி, பிரிட்டனைவிட 0.01 முன்னே. இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

மென்னேயாவிடம் குறை சொல்ல இரண்டு இருக்கின்றன. 1979 செப்டம்பர் 12 அன்று அவர் 200 மீட்டரில் 19.72 என்ற உலகச் சாதனை படைத்தது மெக்சிகோ நகரில். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். மெலிந்த காற்று ஓடுபவனைக் குறைவாகவே தடுக்கும். போதாததற்குப் பின்காற்று விநாடிக்கு 1.8 மீட்டர். சமவெளியில் அவருடைய சிறந்த நேரம் 19.96, சொந்த ஊர் பார்லெத்தாவில் ஓடியது. அடுத்தது 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கின் 200 மீட்டர் தங்கம்: அமெரிக்கா புறக்கணித்த போட்டி.

ஆனால் அந்த மாஸ்கோ ஓட்டத்தைப் பார்த்தவர்கள் புறக்கணிப்பைப் பற்றிப் பேசமாட்டார்கள். மென்னேயாவுக்குக் கிடைத்தது எட்டாம் தடம். வளைவில் யாரையும் பார்க்க முடியாத ஓரம். உள்ளே ஏழாம் தடத்தில் 100 மீட்டர் சாம்பியன் ஆலன் வெல்ஸ். வளைவு முடிந்து நேர்தடத்துக்கு வரும்போது வெல்ஸ் தெளிவாக முந்தியிருந்தார். மென்னேயா தோற்றுவிட்டார் என்றே தோன்றும். அங்கிருந்து ஒவ்வோர் அடியாக இடைவெளியைத் தின்று, கடைசி மீட்டர்களில் முந்தினார்: 20.19 எதிர் 20.21. தொடக்கம் அவருக்கு என்றுமே சரிவராது. முடிவில்தான் ஆள் உயிர்பெறுவார். பயிற்சியாளர் கார்லோ வித்தோரி ஆண்டுக்கணக்கில் வாட்டியெடுத்த உழைப்பு அந்தக் கடைசி நாற்பது மீட்டரில் தெரிகிறது.

அதற்கு முன் 1972இல் வெண்கலம், 1976இல் நான்காமிடம். பின்னர் 1984இலும் 200 மீட்டர் இறுதியில் நின்றார். தொடர்ச்சியாக நான்கு ஒலிம்பிக் இறுதிகள்! இங்கேதான் ஜேக்கப்ஸின் பக்கம் தாழ்கிறது. 2022இல் பெல்கிரேடில் 60 மீட்டர் உள்ளரங்க உலகப் பட்டத்தை 6.41இல் வென்றவர், அதே ஆண்டு யூஜின் உலகப் போட்டியில் காயத்தால் அரையிறுதியிலேயே விலகினார். உடல் ஒத்துழைக்காததற்கு அவரைக் கடிந்துகொள்வது நியாயமில்லை. 2024 பாரிஸில் 9.85 ஓடியும் ஐந்தாமிடம்தான்; போட்டி அவ்வளவு கடுமை.

ஒரே ஒரு மாலையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லச் சொன்னால் டோக்கியோவையே எடுப்பேன். ஆனால் கேள்வி முழு வாழ்க்கையைப் பற்றியது. என் தீர்ப்பு மென்னேயாவுக்கு. மெக்சிகோவின் மெலிந்த காற்றில் அவருக்குப் பின்னும் எத்தனையோ பேர் ஓடினார்கள். 1996இல் மைக்கேல் ஜான்சன் 19.66 ஓடும்வரை, 17 ஆண்டுகள், அந்த 19.72 அசையவில்லை. ஐரோப்பியச் சாதனையாக அது இன்றும் அப்படியே நிற்கிறது.