பிள்ளைகளோடு கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு ஃபாஃப்சா எப்படி?

கலிபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் நர்சிங் படிப்புக்காகச் சேர்ந்திருக்கிறேன். கிரீன் கார்டு இருக்கிறது, கணவர் வேலைக்குப் போகிறார், வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். அமெரிக்க அரசின் கல்வி உதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பத்தை 2025–26க்கு நிரப்பினேன். குடும்பஸ்தர்கள் இதைப் பார்த்து மலைக்க வேண்டாம் என்பதற்காகவே எழுதுகிறேன். இந்த விண்ணப்ப முறைக்கு நான் தரும் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு.

கல்யாணமானவர் என்று குறித்ததுமே அப்பா அம்மாவின் வருமானம் பற்றிய பேச்சே வராது. கல்யாணமாகாமல் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கும் அப்படித்தான். பிள்ளை உங்களோடு இருந்து, அதன் செலவில் பாதிக்கு மேல் நீங்கள் பார்த்துக்கொண்டால் போதும். நாங்கள் இருவரும் வரியைச் சேர்ந்தே தாக்கல் செய்ததால் கணவர் விண்ணப்பத் தளத்தில் தனிக் கணக்குத் தொடங்கவும் வேண்டியிருக்கவில்லை. அமெரிக்க வருமான வரித் துறையான ஐஆர்எஸ்ஸிலிருந்து வரி விவரத்தை எடுத்துக்கொள்ளச் சம்மதம் கேட்பார்கள். அதைக் கட்டாயம் கொடுங்கள். மறுத்தால் மத்திய அரசின் உதவி எதுவுமே கிடைக்காது.

நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் குடும்ப எண்ணிக்கை. 2025–26 படிவம் 2023ஆம் ஆண்டின் வரிக் கணக்கைத்தான் எடுக்கும். அதில் நாங்கள் மூன்று பேர், சின்னவன் அதற்குப் பிறகு பிறந்தவன். எண்ணிக்கை மாறியிருக்கிறதா என்று ஒரே ஒரு கேள்வி வரும், அங்கே நான்கு என்று மாற்றினேன். இந்த ஒரு எண்ணுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், பெல் கிராண்ட் என்ற மத்திய அரசின் உதவித்தொகை இதை வைத்துத்தான் கணக்காகிறது. கணவன் மனைவி இருவரும் இருக்கும் வீட்டில், அந்தக் குடும்ப எண்ணிக்கைக்கான வறுமைக்கோட்டு வருமானத்தில் 175 சதவீதத்துக்குள் வருமானம் இருந்தால் முழுத்தொகைக்குத் தகுதி உண்டு. தனியாகப் பிள்ளை வளர்ப்பவருக்கு அது 225 சதவீதம். முழுநேரம் படித்தால் வருடத்துக்கு அதிகபட்சம் 7,395 டாலர், திருப்பிக் கட்ட வேண்டாத பணம்.

ஒரு மதிப்பெண்ணைக் குறைத்ததற்குக் காரணம் டேகேர். எங்களைப் போன்றவர்களுக்கு வாடகைக்கு அடுத்த பெரிய செலவு அதுதான், படிவத்தில் அதைச் சொல்ல இடமே இல்லை. 2023க்குப் பிறகு வேலை போயிருந்தாலும் சம்பளம் குறைந்திருந்தாலும் அதையும் அங்கே எழுத முடியாது. இரண்டையும் கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்தில் நீங்களாகப் போய்க் கேட்க வேண்டும். கல்லூரி போடும் படிப்புச் செலவுக் கணக்கில் பிள்ளை பராமரிப்பையும் சேர்க்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நான் டேகேர் ரசீதையும் வகுப்பு அட்டவணையையும் சேர்த்து அனுப்பினேன். இதனால் பெல் தொகை கூடிவிடாது. வேறு உதவியோ கடனோ வாங்குவதற்கான உச்சவரம்புதான் உயரும். கடன் என்றால் யோசித்து வாங்குங்கள்.

யாராவது நிரப்பித் தருகிறேன் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், விண்ணப்பம் முழுக்க இலவசம். கலிபோர்னியாக்காரர்கள் இன்னொன்றையும் விடக் கூடாது. கால் கிராண்ட் (Cal Grant) என்ற மாநில அரசின் கல்வி உதவித்தொகை கிடைத்து, அரசுக் கல்லூரியில் படித்து, 18 வயதுக்குக் கீழ் பிள்ளை இருந்தால், அதில் ஏ, பி வகைகளைப் பெறுபவர்களுக்கு வருடத்துக்கு 6,000 டாலர் வரை உண்டு. ஃபாஃப்சாவை அனுப்பிய கையோடு மாநிலத்தின் வெப்கிராண்ட்ஸ் தளத்திலும் கணக்குத் தொடங்கி, பிள்ளைகள் இருப்பதை அங்கே உறுதி செய்துவிடுங்கள்.