மார்த்தாண்டம், பாறசாலை: அக்கா மகனுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிய கதை

தோஹாவிலிருந்து வரும்போதே ஒரு கேமிங் லேப்டாப் கொண்டுவந்திருக்கலாமே என்று வீட்டில் கேட்டார்கள். 18 வயது நிறைந்த பயணி ஒரு லேப்டாப் கொண்டுவந்தால் சுங்க வரி இல்லை என்பது உண்மைதான். ஆனால் அங்கே விற்பவற்றின் கீபோர்டில் பெரும்பாலும் அரபி எழுத்தும் கலந்திருக்கும், வாரன்டி நம்மூரில் செல்லுமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பையனும் அதைத் தூக்கிக்கொண்டு எங்கும் போகப் போவதில்லை. வேலோரன்ட், மைன்கிராஃப்ட், லீவில் கொஞ்சம் ஜிடிஏ 5, இவ்வளவுதான் அவன் விளையாட்டு. டெஸ்க்டாப் போதும் என்று கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்துக்குப் போனோம்.

மேம்பாலத்தின் அடியில் வண்டியை நிறுத்த இடம் தேடுவதற்குள் பாதி நாள் போய்விடும் என்பது தனிக்கதை. முதலில் நுழைந்த கடையில் ஒரு தம்பி பளபளக்கும் விளக்கு வைத்த கேபினெட்டைக் காட்டினான். "ஐ5, நாலு ஜிபி கிராபிக்ஸ் கார்டு, எல்லா கேமும் ஓடும்ண்ணே." ஐ5 என்பது இன்டெல் பிராசசரின் வரிசைப் பெயர்தான், எத்தனையாவது ஜெனரேஷன் (தலைமுறை) என்றேன். "ஐ5ண்ணே" என்றான் மறுபடியும். மூடியைக் கழற்றச் சொன்னால், உள்ளே ஏதோ ஆபீஸிலிருந்து கழித்துவிட்ட நான்காம் ஜெனரேஷன் போர்டு, அதில் ஜிடி 730 என்ற கிராபிக்ஸ் கார்டு. 2014இல் வந்த கார்டு அது.

தம்பி சொன்னது முழுப் பொய்யும் இல்லை. வேலோரன்ட்டைத் தயாரித்தவர்களே நொடிக்கு 60 ஃப்ரேம் (படம்) ஓட ஜிடி 730 போதும் என்றுதான் போட்டிருக்கிறார்கள். சிக்கல் வேறு இடத்தில். அந்தப் பழைய ஐ5க்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது, எட்டாம் ஜெனரேஷனிலிருந்துதான். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11ஐ எப்படியாவது ஏற்றினாலும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாமல் அதில் வேலோரன்ட் திறக்காது. அந்த நாலு ஜிபியும் வெறும் கொள்ளளவுதான். கார்டின் நினைவகம் டிடிஆர்3 என்ற பழைய, மெதுவான வகையாக இருக்கும்போது ஜிபியைக் கூட்டுவது, குறுகிய வாசல் வைத்த வீட்டில் பெரிய ஹால் கட்டுவது மாதிரி.

அடுத்த கடை நல்ல ஏசி, நல்ல காபி, லேப்டாப் மட்டும். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற கிராபிக்ஸ் கார்டின் ஸ்டிக்கர் ஒட்டியதை எடுத்து வைத்தார்கள். அந்தக் கார்டு எத்தனை வாட் மின்சாரம் இழுக்கும் என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். லேப்டாப்பில் வரும் 3050க்கு 35 வாட்டிலிருந்து 80 வாட் வரை எது வேண்டுமானாலும் கம்பெனி வைத்துக்கொள்ளலாம். பெயர் ஒன்று, வேகம் வேறு. இது தெரியாமல் இதை விற்கலாமா என்று எனக்கு எரிச்சல் வந்தது. காபிக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தோம்.

களியக்காவிளை எல்லையைத் தாண்டிக் கேரளத்துப் பாறசாலைப் பக்கம் ஒரு மாடிக்கடை இருக்கிறது என்று அத்தான் சொன்னார். 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை இரண்டு பக்கமும் திருவிதாங்கூர்-கொச்சிக்குள்தான் இருந்தது. இன்றைக்கும் துணி எடுக்க, ஆஸ்பத்திரிக்கு, விமானம் ஏற எல்லாவற்றுக்கும் எங்கள் ஆட்கள் அந்தப் பக்கம்தான் போவார்கள். வரி மிச்சமாகுமோ என்று அக்கா கேட்டாள். ஜிஎஸ்டி இரண்டு பக்கமும் ஒரே 18 விழுக்காடுதான்.

அந்தக் கடைச் சேட்டன் என்னிடம் பேசவே இல்லை. நேராகப் பையனிடம், "மோனே, ஏது கேமா களிக்குன்னே?" என்றார், என்ன கேம் விளையாடுவாய் என்று. அவன் பட்டியல் சொல்லி முடித்ததும் வந்த அடுத்த கேள்வி மானிட்டர் பற்றி. 1080பி, அதாவது சாதாரண ஃபுல் ஹெச்டி திரை என்றதும், "எங்கில் இப்போ கார்டு வேண்டா", அப்படியென்றால் இப்போதைக்குக் கார்டு வேண்டாம் என்றுவிட்டார். விற்கிற ஆள் ஒரு பொருளை வேண்டாம் என்று சொன்னதை இந்தப் பயணத்தில் அங்கேதான் கேட்டேன்.

அவர் எழுதிக் கொடுத்தது ரைசன் 5 5600ஜி என்ற ஏஎம்டி பிராசசர். ஆறு கோர், கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. அந்த கிராபிக்ஸே ஜிடி 730ஐத் தாண்டி ஓடும். ஜிடிஏ 5க்கு மட்டும் செட்டிங்ஸைக் கொஞ்சம் இறக்கவேண்டும். ரேமில் மட்டும் அவர் பிடிவாதமாக இருந்தார்: 16 ஜிபி ஒற்றைக் குச்சி கூடாது, 8ம் 8மாக இரண்டுதான். உள்ளிருக்கும் கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது, ரேமைத்தான் கடன் வாங்கும். இரண்டு குச்சி என்றால் இரண்டு வழியாகவும் தரவு வந்து போகும். லேப்டாப்பிலும் இதே கதைதான். இன்டெல் ஐரிஸ் எக்ஸ்இ என்ற உள் கிராபிக்ஸ் பெயர் ஒட்டி வருவதில் ஒற்றை ரேம் இருந்தால் விண்டோஸே அதை வெறும் யுஹெச்டி என்ற சாதா கிராபிக்ஸாகத்தான் காட்டும். கடையிலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து எத்தனை ஸ்லாட்டில் ரேம் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

பிராசசர் பெட்டியோடு வந்தது, அதில் மூன்று வருட வாரன்டி. பெட்டியில்லாமல் விற்கும் ட்ரே பிராசசர் விலை குறையும், ஆனால் வாரன்டிக்கு விற்ற கடைக்காரரைத்தான் பிடிக்கவேண்டும். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் இருந்தது. சேட்டனிடம் குறை என்றால் நேரம்தான். நாளைக்கு என்பார், போன் எடுக்கமாட்டார்.

பணம் வாங்கும்போது, வீட்டில் இன்வெர்ட்டர் என்ன வகை என்றார். ரப்பர் மரம் கம்பியில் விழுந்து கரண்ட் போகும் ஊரில் இதைக் கேட்காமல் விற்கக்கூடாதாக்கும் என்று அத்தானும் தலையாட்டினார். சைன் வேவ் இன்வெர்ட்டர் (வீட்டு லைன் கரண்ட் போலவே சீராகத் தருவது) என்றால் அதன் பின்பக்க சுவிட்சை யுபிஎஸ் பக்கம் தள்ளிவைக்கவேண்டும். அப்போதுதான் கரண்ட் போகும்போது கம்ப்யூட்டர் அணையாமல் தாங்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்தச் சுவிட்ச் நார்மலில்தான் கிடந்தது. கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்றது, எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபண்ணினோம்.

பின்னால் கார்டு போட நினைத்தால் ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகை 70 வாட்தான் இழுக்கும், கரண்ட் கொடுக்கும் இந்த எஸ்எம்பிஎஸ்ஸே போதும் என்று சேட்டன் பையன் காதில் போட்டுவிட்டார். பிளஸ் டூ ரிசல்ட் வரட்டும், அதற்கப்புறம் பேசிக்கலாம் என்கிறாள் அக்கா. பையன் அதற்குள் விலையை விசாரித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான்.