சாயத் தண்ணீருக்கு எந்தப் பொடி? டைட்டானியா, ஜிங்க் ஆக்சைடு, கார்பன் நைட்ரைடு: ஓர் அலசல்

ஆராய்ச்சிக்குச் சேரும் மாணவர்களில் திருப்பூர், அவிநாசிப் பக்கத்துப் பிள்ளைகள் வருஷத்துக்கு ஒருவராவது இருப்பார்கள். நொய்யல் ஆறு சாயப்பட்டறைக் கழிவால் கலர் கலராக ஓடியதை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள். பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருவார்கள்: “சார், டைட்டானியா எடுக்கட்டுமா, ஜிங்க் ஆக்சைடு எடுக்கட்டுமா? இப்போ எல்லாரும் கார்பன் நைட்ரைடுதானே பண்றாங்க?” ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

கழிவுநீரில் உள்ள சாயத்தை ஒளியின் உதவியோடு சிதைக்கும் ஒளிவினையூக்கிப் பொடிகள் இவை. டைட்டானியா என்பது டைட்டானியம் டையாக்சைடு, ஜிங்க் ஆக்சைடு என்பது துத்தநாக ஆக்சைடு. மூன்றும் அரைக்கடத்திகள். தகுந்த ஒளி பட்டால் உள்ளே ஓர் எலெக்ட்ரான் மேல்மட்டத்துக்குத் தாவும். அது விட்டுப்போன இடம் ‘துளை’. துளை, தண்ணீரிலிருந்து ஹைட்ராக்சில் தனி உறுப்பை (கண்டதையும் தாக்கும் துண்டு மூலக்கூறு) உண்டாக்கும். எலெக்ட்ரான், கரைந்திருக்கும் ஆக்சிஜனைப் பிடித்து சூப்பராக்சைடு ஆக்கும். இந்த இரண்டும்தான் சாய மூலக்கூறைக் கடித்துக் குதறுகின்றன. டோக்கியோவில் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டையாக்சைடு மின்முனையில் ஒளியைப் பாய்ச்சித் தண்ணீரைப் பிரித்ததை 1972-ல் வெளியிட்டார்கள். இந்தத் துறை சூடுபிடித்தது அதிலிருந்துதான்.

யாருக்கு எந்த ஒளி

எலெக்ட்ரான் மேல்மட்டத்துக்குத் தாவத் தேவையான ஆற்றல்தான் ஆற்றல் இடைவெளி. அனடேஸ் என்ற படிக வகை டைட்டானியாவுக்கு அது 3.2 எலெக்ட்ரான் வோல்ட். அதாவது 388 நானோமீட்டருக்குக் கீழே உள்ள புற ஊதாக் கதிர் வேண்டும். ஜிங்க் ஆக்சைடும் கிட்டத்தட்ட அதே கதைதான், ஏறக்குறைய 3.3. தரைக்கு வரும் வெயிலில் புற ஊதாவின் பங்கு நூற்றுக்கு நான்கைந்துதான். கார்பன் நைட்ரைடின் இடைவெளி 2.7, அதனால் 460 நானோமீட்டர் வரை உள்ள நீல ஒளியையும் அது வாங்கிக்கொள்ளும். 2009-ல் வாங், அன்டோனியெட்டி, டோமென் ஆகியோர் அடங்கிய குழு, உலோகமே இல்லாத இந்த வெளிர்மஞ்சள் பொடி கட்புல ஒளியில் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் என்று காட்டியது. அன்றிலிருந்து உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் யூரியாவையும் மெலமைனையும் சுடுகிறார்கள்.

செய்வதும் எளிது. மூடி போட்ட பீங்கான் கிண்ணத்தில் யூரியாவைப் போட்டு 550 டிகிரியில் சில மணி நேரம் உலையில் வைத்தால் போதும். அம்மோனியா நெடி மூக்கைத் துளைக்கும், புகைபோக்கி இல்லாத அறையில் செய்யவே கூடாது. பத்து கிராம் யூரியாவுக்கு அரை கிராம் பொடி தேறினால் பெரிது. மெலமைனில் செய்தால் நிறையக் கிடைக்கும், ஆனால் பரப்பளவு குறைந்த கட்டிப் பொடியாக இருக்கும்.

இங்கேதான் மாணவர்கள் ஒரு விஷயத்தைத் தவற விடுகிறார்கள். ஒளியை அதிகம் வாங்குவது ஒன்று, வாங்கியதை வைத்து வேலை செய்யும் வலு வேறொன்று. இடைவெளி குறைந்தால் துளையின் இழுவிசையும் குறையும். டைட்டானியாவின் துளை தண்ணீரிலிருந்து நேராக ஹைட்ராக்சிலை உண்டாக்கும். கார்பன் நைட்ரைடின் துளைக்கு அந்த வலு போதாது. அது பெரும்பாலும் சூப்பராக்சைடு வழியாகத்தான் வேலை செய்ய வேண்டும். நிறத்தைப் போக்க அது போதும். பென்சீன் வளையத்தை உடைத்துக் கார்பன் டையாக்சைடு வரை கொண்டுபோக வேண்டும் என்றால் மூச்சு வாங்கும். ஒளியை வைத்து ஹைட்ரஜன் பெராக்சைடு தயாரிக்கும் ஆய்வுகளில் அது நன்றாகவே சோபிக்கிறது. அதன் இடம் அங்கே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பீக்கர் ஏமாற்றும் விதம்

மெத்திலீன் ப்ளூ கரைசலில் பொடியைப் போட்டு, விளக்கு வைத்து, ஒரு மணி நேரத்தில் நிறம் போய்விட்டது என்று ஓடி வருவார்கள். முதலில் இருட்டில் என்ன நடந்தது என்று கேட்பேன். பொடி சாயத்தை வெறுமனே உறிஞ்சி வைத்திருக்கலாம். அடுத்து, மெத்திலீன் ப்ளூவே 664 நானோமீட்டர் ஒளியை விழுங்கும் பொருள். கட்புல ஒளியில் சாயம்தான் கிளர்வுற்றுத் தன் எலெக்ட்ரானைப் பொடிக்குத் தள்ளித் தானே சிதைந்துபோகலாம். அதைப் பொடியின் சாமர்த்தியம் என்று எழுதினால் தப்பு. ரோடமின் பி-யில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 554 நானோமீட்டரில் இருக்கும் ஒளி உறிஞ்சும் முகடு படிப்படியாக 498 பக்கம் நகரும். கரைசல் இளஞ்சிவப்பிலிருந்து பச்சை கலந்த மஞ்சளுக்கு மாறும். மூலக்கூறு உடையவில்லை, அதன் எத்தில் கைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். கட்புல ஒளியில் வேலை செய்யும் பொடி என்று சொல்ல ஆசைப்பட்டால் ஃபீனால் போல நிறமில்லாத ஒன்றில் காட்டுங்கள்.

நான் மாணவனாக இருந்தபோது ரியாக்டிவ் பிளாக் 5 என்ற கருப்புச் சாயக் கரைசலைக் கண்ணாடி போலத் தெளிய வைத்து, குயூவெட்டை (சோதனைக்கான சின்னக் குப்பி) வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பூரித்துப் போனேன். மொத்தக் கரிமம் எவ்வளவு என்று சோதித்தால் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. சாயத்துக்கு நிறம் தரும் அசோ பிணைப்பு (இரண்டு நைட்ரஜன் அணுக்களின் இணைப்பு) முதலில் அறுபடும், நிறம் போய்விடும். மிஞ்சும் அரோமேட்டிக் (பென்சீன் வளையம் கொண்ட) துண்டுகளுக்கு நிறமில்லை, ஆனால் கேடு உண்டு. ஆற்றில் இறங்கும் மீனுக்கும் மாட்டுக்கும் நிறம் போனதால் என்ன லாபம்?

தண்ணீர் என்ன சொல்கிறது

பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற, லிட்டருக்கு 50 முதல் 80 கிராம் வரை உப்பு, கூடவே சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) வேண்டும். அடர்நிறம் என்றால் அந்த மேல் எல்லைதான். சாயப்பட்டறைத் தண்ணீரின் உண்மையான சிக்கல் இந்த உப்பு. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதற்குப் பின்னால், நொய்யலில் உள்ள ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே பல வருஷமாகக் கெட்டுப்போன நிலமும் கிணறும் இருந்தன. மூன்று பொடிகளில் எதுவும் ஒரு சிட்டிகை உப்பைக்கூட எடுக்காது. அதற்குச் சவ்வூடு பிரிப்பும் ஆவியாக்கியும்தான் வழி. இதைச் சொல்லாமல் ‘சாயக்கழிவுக்குத் தீர்வு’ என்று கட்டுரைத் தலைப்பு வைப்பதை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

உப்பு இன்னொரு கெடுதலும் செய்கிறது. குளோரைடும், சோடா ஆஷிலிருந்து வரும் கார்பனேட்டும் ஹைட்ராக்சிலைச் சாயத்துக்கு முன்னால் பாய்ந்து பிடித்துக்கொள்ளும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு மணி நேரத்தில் முடிந்த வேலை நிஜக் கழிவில் இழுத்துக்கொண்டே போகும். போதாததற்கு, அடர் கருப்புத் தண்ணீரில் ஒளி ஓரளவுக்கு மேல் உள்ளே இறங்காது. அதனால் நுண்ணுயிர்த் தொட்டியைத் தாண்டி, சவ்வுக்குப் போகும் முன், மிச்சம் மீதி நிறத்தையும் கரிமத்தையும் துடைக்கும் இடம்தான் ஒளிவினையூக்கிக்குப் பொருத்தம்.

அந்த இடத்தில் தண்ணீரின் பிஎச் 7, 8 இருக்கும். ஜிங்க் ஆக்சைடு கெட்டிக்காரத்தனம் காட்டும் இடம் இது. அதன் மேற்பரப்பு பிஎச் 9 வரை நேர்மின்னேற்றத்தோடு இருக்கும். சல்ஃபோனேட் என்ற எதிர்மின் தொகுதி தொங்கும் சாயம் தானாக வந்து ஒட்டும். டைட்டானியா 6-ஐத் தாண்டியதுமே எதிர்மின்னுக்கு மாறி அதே சாயத்தைத் தள்ளும். வேகத்தை மட்டும் பார்த்தால் பல சாயங்களில் ஜிங்க் ஆக்சைடே ஜெயிக்கும், விலையும் குறைவு. நம் கல்லூரிகளில் வேப்பிலைச் சாறு, முருங்கையிலைச் சாறு என்று அதைச் செய்து பார்க்காதவர் குறைவு. எந்தச் சாற்றில் செய்தாலும், சுட்ட பிறகு மிஞ்சுவது அதே ஜிங்க் ஆக்சைடுதான், அதன் பலவீனமும் அப்படியேதான் இருக்கும்.

பலவீனம் என்னவென்றால், அது கரையும். பால் போன்ற கலவையில் சில சொட்டு நீர்த்த அமிலம் விட்டுக் கலக்கிப் பாருங்கள், பால் மறைந்து தண்ணீராகிவிடும். கடும் காரத்திலும் அப்படித்தான். அமிலம் இல்லாவிட்டாலும் ஒளியே அதை அரிக்கும்: வெளியே வேலை செய்ய வேண்டிய துளை, பொடியின் சொந்த ஆக்சிஜனையே தின்றுவிட, துத்தநாக அயனி தண்ணீரில் இறங்கும். நீர்நிலைகளில் விடும் கழிவில் துத்தநாகம் லிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு வரம்பு. ஒரு மாசை எடுக்கப்போய் இன்னொன்றைச் சேர்ப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

டைட்டானியா அசையாது. அதன் கனிமமான இல்மனைட் மணவாளக்குறிச்சியிலும் சவராவிலும் கடற்கரை மணலில் கறுப்பாக மின்னுகிறது. பி25 என்ற பெயரில் விற்கும் பொடியில் அனடேஸ் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, மிச்சம் பெரும்பாலும் ரூட்டைல் என்ற இன்னொரு படிக வகை. துகள் 20 நானோமீட்டர் அளவு. இரண்டு வகையும் ஒட்டி இருப்பதால் எலெக்ட்ரானும் துளையும் சட்டென்று மீண்டும் சேராமல் பிரிந்து நிற்கும். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் புதுப் பொடி செய்பவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பது பி25-ஓடுதான். உலர்ந்த பொடியைக் கையாளும்போது மட்டும் முகக்கவசம் கட்டாயம். மூச்சில் போகும் டைட்டானியத் தூசியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ‘2பி’ வகையில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்ற பட்டியலில், வைத்திருக்கிறது.

பொடியைத் திரும்ப எடுப்பதுதான் தலைவலி. ஆய்வுக்கூடத்தில் சென்ட்ரிஃபியூஜ் சுற்றிவிடலாம். தினமும் லட்சக்கணக்கான லிட்டர் வரும் இடத்தில் முடியாது. உப்புத் தண்ணீரில் துகள்கள் திரண்டு சற்று வேகமாகப் படியும் என்பது ஒரு சின்ன ஆறுதல். இருந்தாலும் பொடியைத் தண்ணீரில் கலந்துவிடுவதை நிறுத்திவிட்டு, சொரசொரப்பான கண்ணாடித் தகட்டில் பூசி 450 டிகிரியில் சுட்டு ஒட்டவைக்கச் சொல்கிறேன். பரப்பளவில் பெரிய பங்கை இழப்போம், வேகம் குறையும். அந்த நஷ்டத்துக்கு நான் தயார்.

இப்போது மொட்டைமாடியில் சாய்வாக வைத்த அப்படி ஒரு தகட்டில்தான் தண்ணீர் மெல்லிய படலமாக இறங்கிக்கொண்டிருக்கிறது. சில வாரங்களில் கடினநீரின் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்து தகட்டை மூடிவிட்டது, வேலையும் நின்றுபோனது. நீர்த்த அமிலம் விட்டுத் தேய்த்துக் கழுவினோம். படிவு நுரைத்துக் கிளம்பிப் போயிற்று, பூச்சு இருந்த இடத்திலேயே இருந்தது. அது ஜிங்க் ஆக்சைடாக இருந்திருந்தால் சுண்ணாம்போடு சேர்ந்து அதுவும் சாக்கடையில் போயிருக்கும்.