டர்பனில் வணிக, வேலைவாய்ப்பு வழக்கறிஞரைத் தேர்வது: எதிரே உள்ள நான்கு வழிகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு அருகே உள்ள வெருலத்தில் நடந்துகொண்டிருந்த ஒரு பேக்கரியை என் மைத்துனர் விலைக்கு வாங்கியபோது எழுதிய ஒப்பந்தத்தின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் ஆறாம் பக்கத்தில் இரண்டு அடுப்புகள், ஒரு வேன், கடையின் பெயர், வாடகை உரிமை ஆகியவற்றோடு மாவு பிசையும் இயந்திரத்தின் வரிசை எண் வரை குறித்திருக்கிறார்கள். அங்கே வேலை பார்த்த ஒன்பது பேரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எழுதியவர், சாட்ஸ்வர்த்தில் எங்கள் குடும்பத்தின் மூன்று வீட்டுப் பத்திரங்களைக் குறையில்லாமல் முடித்துக் கொடுத்த அட்டர்னி, அதாவது கட்சிக்காரர் நேரடியாக அணுகும் வழக்கறிஞர்; நேர்மையானவர். ஆனால் ஒரு தொழில் ஓடிக்கொண்டிருக்கும் நிலையிலேயே கைமாறினால், அதன் பணியாளர்களும் பழைய பணிக்காலத்தோடு புதிய முதலாளியிடம் தாமாகவே வந்துசேர்வார்கள் என்று 1995ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டம் 197ஆம் பிரிவில் சொல்வதை அவர் கவனிக்கவில்லை. மைத்துனர் ஐந்து பேரை வைத்துக்கொண்டு நான்கு பேரை அனுப்பிவிட்டார். அத்தகைய கைமாற்றத்தைக் காரணமாகக் கொண்ட பணிநீக்கம் தன்னளவிலேயே நியாயமற்றது என்பது சட்டம். இழப்பீடு 24 மாதச் சம்பளம் வரை போகலாம். இடைப்பட்ட மாதங்களின் சம்பளத்தைக் கொடுத்து நால்வரையும் அவர் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அவர்களில் ஒருவர் அந்த அடுப்புகளின் முன்னால் பதினோரு ஆண்டுகள் நின்றவர்.

அதன் பிறகு, வணிகச் சட்டத்தையும் வேலைவாய்ப்புச் சட்டத்தையும் சேர்த்துக் கேட்க யாரிடம் போவது என்பதை நான் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். நம்மவர்கள் பெரும்பாலும் காவடித் திருவிழாவிலோ கல்யாண வீட்டிலோ உறவினர் சொல்லும் பெயரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். நல்ல வழக்கறிஞர் யார் என்ற கேள்விக்கு முன்னால், இந்த விவகாரம் எந்த மேசைக்குப் போகப்போகிறது என்ற கேள்வியை வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் தென்னாப்பிரிக்காவில் சில மேசைகளில் வழக்கறிஞருக்கே நாற்காலி கிடையாது.

முதலாளி, பணியாளர் தகராறுகளைத் தீர்க்கும், சிசிஎம்ஏ என்று எல்லோரும் சொல்லும் சமரச, நடுவர் ஆணையத்தைத்தான் குறிப்பிடுகிறேன். 1996 முதல் இயங்கும் அந்த ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை. அதன் 25ஆம் விதிப்படி, சமரச அமர்வில் வழக்கறிஞர் கட்சிக்காரருக்காக அமர முடியாது. ஒழுங்கீனம் அல்லது திறனின்மை காரணமான பணிநீக்கத்தில் நடுவர் விசாரணைக்குப் போனாலும், ஆணையரும் இரு தரப்பும் இசைந்தாலோ, வழக்கறிஞர் இல்லாமல் நடத்துவது நியாயமாகாது என்று ஆணையர் கருதினாலோ மட்டுமே அனுமதி உண்டு. இந்த விதியை எதிர்த்து வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில், உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் விதி செல்லும் என்றே தீர்ப்பளித்தது. ஆகவே கல்லாவில் பணம் குறைந்ததற்காக ஒருவரை நீக்கிய கடைக்காரர், உம்ஷ்லாங்காவில் கண்ணாடி மாளிகையில் இருக்கும் பெரிய நிறுவனத்துக்கு முன்பணம் கட்டினாலும், அமர்வு நாளில் பெரும்பாலும் தனியாகத்தான் உள்ளே போக வேண்டியிருக்கும்.

முதல் வழியான பெரிய வழக்கறிஞர் நிறுவனத்தின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. வேலைவாய்ப்புக்கென்று தனிப் பிரிவும், பக்கத்து அறையில் நிறுவனச் சட்டம் தெரிந்தவரும் அங்கே இருப்பதால், பேக்கரி ஒப்பந்தத்தில் விழுந்ததைப் போன்ற ஓட்டை விழுவது அரிது. டர்பனில் அமரும் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு வழக்குப் போனால் அவர்களுடைய அனுபவத்துக்கு ஈடில்லை. நடுவர் தீர்ப்பை மறுஆய்வு செய்யக் கோருவதற்கு ஆறு வாரமே அவகாசம். ஆவணங்களைத் திரட்டி அதற்குள் மனுவைத் தயாரிக்க ஆட்பலம் வேண்டும். விலகிய பணியாளர் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்னும் போட்டித் தடை ஒப்பந்தம் பற்றிய தகராறும் அப்படித்தான். 1984இல் வந்த மேக்னா அலாய்ஸ் தீர்ப்பிலிருந்து அத்தகைய தடை செல்லும் என்பதே தொடக்க நிலை. அது நியாயமற்றது என்று காட்டும் பொறுப்பு வெளியேறிய பணியாளரின் தலையில் விழுகிறது. பலவீனம், மணிக்கணக்கில் ஏறும் கட்டணம். முதல் நாள் பேசியவர் ஒருவராகவும் பிறகு கோப்பைப் பார்ப்பவர் இளையவராகவும் இருப்பதையும் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது வழியான ஊர் அட்டர்னி நம் குடும்பத்தையும் கடையையும் அறிந்தவர், கூப்பிட்டால் எடுப்பார். வாடகை ஒப்பந்தம், கடன் வசூல், கூட்டாளிகளுக்கிடையிலான உடன்படிக்கை ஆகியவற்றுக்கு அவரே போதும் என்பேன். பணியாளர் சம்பந்தப்பட்ட பகுதிக்கு மட்டும் வேலைவாய்ப்புச் சட்டத்தையே தொழிலாகச் செய்யும் ஒருவரிடம் ஒரு மணி நேர ஆலோசனை வாங்கலாம். மைத்துனர் டொங்காட்டில் இரண்டாவது கடை வாங்கியபோது இப்படித்தான் செய்தார். ஒப்பந்தத்தை அதே ஊர் அட்டர்னிதான் எழுதினார். நிபுணர் அதைப் படித்து, பணியாளர்களின் பெயர், சேர்ந்த தேதி, மிச்ச விடுப்பு ஆகியவற்றைப் பட்டியலாகச் சேர்க்கச் செய்தார். இந்த இணைப்பையே நான் எல்லாவற்றிலும் மேலாக வைக்கிறேன்.

மூன்றாவது வழி லேபர் கன்சல்டன்ட், அதாவது வழக்கறிஞராக இல்லாமல் பணியாளர் விவகாரங்களில் ஆலோசனை சொல்பவர். அவருடைய மாதக் கட்டணம் குறைவு. எச்சரிக்கைக் கடிதம் எழுதவும் உள்விசாரணை நடத்தவும் பலர் திறமையோடு உதவுகிறார்கள். ஆனால் கன்சல்டன்ட் என்ற தகுதியில் அவருக்கு சிசிஎம்ஏயில் வாதிடும் உரிமை இல்லை. தவறு நேர்ந்தால், வழக்கறிஞர்மீது முறையிடுவதுபோல் அவர்மீது முறையிடச் சட்டத் தொழில் மன்றமும் இல்லை. சொந்தமாகத் தொழில் நடத்தும் அட்டர்னி ஆண்டுதோறும் நம்பிக்கை நிதிச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். அவரிடம் ஒப்படைத்த பணம் களவு போனால் ஈடுகட்ட அந்த நிதி இருக்கிறது. கன்சல்டன்ட்டிடம் கொடுத்த பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

நான்காவது, நாம் உறுப்பினராக இருக்கும் சங்கம். பதிவுபெற்ற முதலாளிகள் சங்கமோ யூனியனோ தன் அலுவலரை, வழக்கறிஞரை வெளியே நிறுத்தும் அதே அமர்வுக்குள் உரிமையோடு அனுப்பலாம். சிறு கடைக்காரருக்கும் தொழிலாளிக்கும் இது பெரிய பலம். தகராறு வருவதற்கு முன்பே சேர்ந்திருப்பது நல்லது. வருமானம் குறைந்த தொழிலாளிக்கு அரசின் சட்ட உதவி அலுவலகமும், குவாசூலு-நடால் பல்கலைக்கழகத்தின் சட்ட மையமும் கேட்டுப் பார்க்கத் தக்கவை.

யாரிடம் போனாலும், நமக்கு வேண்டியது என்ன என்பதை முதலில் தெளிவாகச் சொல்ல வேண்டும். 1894இல் முதலாளியால் அடிக்கப்பட்டு முன்பற்கள் உடைந்த பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி, டர்பனில் காந்தியிடம் வந்து நின்றார். காந்தி முதலாளிக்குத் தண்டனை வாங்கித் தர முயலவில்லை. அவரிடமிருந்து பாலசுந்தரத்தை விடுவித்து வேறொருவரிடம் மாற்றிவிட்டார். வேலை திரும்ப வேண்டுமா, பணம் போதுமா, நல்ல சான்றுக் கடிதத்தோடு விலகினால் சரியா என்பதைப் பொறுத்தே எவ்வளவு செலவழிக்கலாம் என்பதும் முடிவாகும். சாதாரணப் பணிநீக்கத்தில் இழப்பீட்டின் உச்சவரம்பு 12 மாதச் சம்பளம். வழக்குச் செலவு அதைத் தின்றுவிடக் கூடாது. தொழிலாளர் நீதிமன்றத்தில் வென்றவருக்குச் செலவுத் தொகை தானாகக் கிடைப்பதும் இல்லை.

பணிநீக்கப் புகாருக்கு 30 நாள்தான் அவகாசம். வேலையில் இருக்கும்போதே முதலாளி இழைக்கும் அநீதியான நியாயமற்ற தொழில் நடைமுறைக்கு 90 நாள். பிந்தினால் தாமதத்தை மன்னிக்கக் கோரித் தனியாக மனுச் செய்ய வேண்டும். ஆகையால் தேர்வு நீண்டுகொண்டே போனால் புகாரை நாமே பதிந்துவிட்டுத் தேடலைத் தொடரலாம். ஆடைத் தொழிற்சாலை, மோட்டார் பட்டறை போன்றவற்றுக்குத் முதலாளிகளும் யூனியன்களும் சேர்ந்து அமைத்த தனி பேரக் கவுன்சில்கள் இருப்பதால், எங்கே பதிய வேண்டும் என்பதை மட்டும் முதல் நாளே கேட்டுக்கொள்ளவும். முதல் சந்திப்புக்குப் போகும்போது நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், நீக்கக் கடிதம், கடிதம் கைக்கு வந்த தேதி தெரியும் வாட்ஸ்அப் செய்தி ஆகியவற்றை ஒரே உறையில் எடுத்துச் செல்லுங்கள். கட்டண மதிப்பீட்டை எழுத்தில் வாங்காமல் அந்த அறையை விட்டு எழுந்திருக்காதீர்கள்.