கழிமுகத்தில் ஓர் ஆக்ஸிஜன் மீட்டர்: வாங்கலாமா?

கழிமுகத்தில் கூண்டு போட்டு மீன் வளர்க்கிறேன். தண்ணீர் பச்சையாகிவிட்டதா என்று பார்க்க எனக்குக் கருவி வேண்டாம், கண்ணே போதும். விடியற்காலையில் அந்தத் தண்ணீரில் மீனுக்கு மூச்சு மிஞ்சுமா என்பதுதான் கண்ணுக்குத் தெரியாது. அதற்காக வாங்கியதுதான் கையடக்கமான இந்தக் கரைந்த ஆக்ஸிஜன் மீட்டர். மெல்லிய சவ்வும் அதற்குள் நிரப்பும் திரவமும் கொண்டு சிறு மின்கலம்போல் வேலை செய்யும் கால்வானிக் வகை, கேபிள் நீளம் 4 மீட்டர்.

திரையில் விளக்கு உண்டு, எழுத்து பெரிது. இருட்டில் படகில் உட்கார்ந்து படிப்பவனுக்கு இது சின்ன விஷயம் அல்ல. பாசி பெருகிய நாட்களில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல்மட்டத்தில் லிட்டருக்கு 12 மில்லிகிராம் காட்டும். அதை நம்பி நிம்மதியாகத் தூங்கப் போனால் கதை முடிந்தது. வெயில் இருக்கும்வரை ஆக்ஸிஜனை வாரி இறைக்கும் அதே பாசி, இரவெல்லாம் அதை உறிஞ்சும். விடிவதற்குச் சற்று முன் அடிமட்டத்தில் 2-க்குக் கீழே இறங்கியதை இதே மீட்டரில் பார்த்திருக்கிறேன். காற்றூட்டியை எப்போது போடுவது என்பதை இப்போது இந்த எண்தான் முடிவு செய்கிறது.

இனி குறைகள். உப்புத்தன்மையை நாம்தான் உள்ளிட வேண்டும். மீட்டரை அணைத்தால் அது மீண்டும் பூஜ்யத்துக்குப் போய்விடுகிறது. நன்னீர்க் குளத்துக்கு இதனால் ஒன்றும் ஆகாது. கழிமுகத்தில் அப்படி அல்ல: 30 டிகிரி வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்ஸிஜனைத் தாங்கும். கடல்நீர் சுமார் 6.2 மட்டுமே. ஓதம் ஏறிய நேரத்தில் உப்புத்தன்மையைப் பூஜ்யத்திலேயே விட்டு அளந்தால், இல்லாத ஆக்ஸிஜனை இருப்பதாகக் காட்டும். ஓதம் ஏற இறங்க உப்பு மாறிக்கொண்டே இருக்கும் இடத்துக்கு இந்த மறதிக்காரக் கருவியை விற்பவர்கள், பெட்டியில் கொட்டை எழுத்தில் அதை அச்சிட்டிருக்க வேண்டும். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது, அவ்வளவுதான்.

கேபிளில் எடையும் இல்லை, ஆழக் குறியும் இல்லை. நீரோட்டத்தில் கேபிள் நுனியில் உள்ள உணரி சாய்ந்து மிதக்கிறது. மேலே நன்னீர், கீழே உப்புநீர் என்று அடுக்கு பிரிந்து நிற்கும்போது அடிமட்ட அளவுதான் முக்கியம். ஈயக் குண்டு கட்டி, கேபிளில் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஒரு நிற நாடா சுற்றிக்கொண்டேன். உணரியை மட்டும் சேற்றில் இறக்கிவிடாதீர்கள்: அழுகிய முட்டை நாற்றம் வீசும் அந்தக் கருஞ்சேற்றின் ஹைட்ரஜன் சல்பைடு மின்முனையைக் கெடுத்துவிடும். இன்னொன்று, இந்த வகை உணரி தன்னைச் சுற்றியுள்ள ஆக்ஸிஜனையே தின்று அளப்பது. அசையாத நீரில் மெல்ல ஆட்டிக்கொண்டே படிக்காவிட்டால் எண் குறைந்துகொண்டே போகும். பாசிக் காலத்தில் சவ்வில் வழுவழுப்பு படிகிறது. ஒவ்வொரு முறையும் மென்துணியால் துடைத்தாக வேண்டும்.

எந்தப் பாசி என்பதை இது சொல்லாது. கரேனியா போன்ற நச்சுப் பாசி வந்தால் ஆக்ஸிஜன் நன்றாக இருக்கும்போதே மீன் சாகும். அதற்கு நீர் மாதிரி நுண்ணோக்கிக்குப் போயாக வேண்டும்.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். பெட்டியில் உதிரிச் சவ்வு இரண்டு தருகிறார்கள். வாங்கும்போதே திரவப் புட்டி ஒன்றைக் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.