கண்டெய்னர் நெரிசலைக் கணிக்க எந்த மாடல் உதவும்?

சூயஸ் கால்வாய் அடைபட்டால் சரக்கு எந்த வழியாகப் போகும் என்பது ஒரு கேள்வி, போய்ச் சேரும் துறைமுகத்தில் கப்பல் எத்தனை நாள் நிற்கும் என்பது வேறு கேள்வி. பல பேர் இரண்டுக்கும் ஒரே மாடலை ஓட்டிவிட்டு முழிக்கிறார்கள்.

வலைப்பின்னல் மாடலில் துறைமுகங்கள் புள்ளிகள், கப்பல் சேவைகள் கோடுகள். சூயஸும் மலாக்கா நீரிணையும் முக்கியம் என்று சொல்லும், அதற்குக் கம்ப்யூட்டரே தேவையில்லை. ஆனால் 2023 கடைசியில் செங்கடலில் ஏமனின் ஹூதி படையினர் தாக்குதல் தொடங்கி கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றியபோது, சிங்கப்பூர்–ராட்டர்டாம் பயணம் சுமார் 3,500 கடல் மைல் கூடும், அதே சேவையை நடத்தக் கூடுதல் கப்பல் வேண்டும் என்பதெல்லாம் இதில் சுலபமாக வந்துவிடும். 2024 மே மாதத்தில் சிங்கப்பூரில் பெர்த்துக்கு (கப்பல் நின்று சரக்கு ஏற்றி இறக்கும் இடம்) இரண்டு மூன்று நாள் காத்துக் கிடந்தார்களே, அது மட்டும் வராது. வெறும் புள்ளிக்குக் கொள்ளளவு கிடையாது.

அங்கேதான் வரிசைக் கோட்பாடு, அதாவது வரிசையில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று கணக்கிடும் கணிதம். ஒரே பெர்த், கப்பல்கள் வருவதும் வேலை பிடிக்கும் நேரமும் தாறுமாறு என்று வையுங்கள்: பெர்த் 80% நேரம் வேலையாக இருந்தால் சராசரிக் காத்திருப்பு ஒரு கப்பலின் சராசரி வேலை நேரத்தைப் போல 4 மடங்கு, 90% ஆனால் 9 மடங்கு. பெர்த்துகள் கூடினால் எண்கள் குறையும், ஆனால் நேற்றுவரை நன்றாக ஓடிய துறைமுகம் இன்று முட்டிக்கொள்வது இதனால்தான். இந்தக் கணக்கின் குறை என்னவென்றால், நிஜத்தில் அட்டவணை தவறிய கப்பல்கள் கும்பலாக வந்து சேரும். பெர்த் காலியாக இருந்தாலும் யார்டு (பெட்டிகளை அடுக்கும் மைதானம்) நிரம்பிவிட்டால் இறக்கிய பெட்டியை வைக்க இடமிருக்காது.

துறைமுகத்தைக் கம்ப்யூட்டரில் அப்படியே ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷனில் யார்டு, கிரேன், கும்பல் எல்லாவற்றையும் சேர்க்கலாம். ஒரு துறைமுகத்துக்குச் சரி, நூறு துறைமுகத்துக்குப் போட்டால் பாதித் தரவு ஊகம்தான். கப்பல் எங்கே இருக்கிறது என்று அறிவிக்கும் ஏஐஎஸ் சிக்னலை அப்படியே நம்பவும் முடியாது. லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச்சில் 2021 நவம்பரில் வரிசை முறையை மாற்றி, கப்பல்களைக் கரைக்கு வெகு தொலைவிலேயே காத்திருக்க விட்டார்கள். பக்கத்தில் நங்கூரமிட்டவற்றை மட்டும் எண்ணினால் நெரிசல் குறைந்ததாகத் தெரியும், ஆனால் 2022 ஜனவரியில் மொத்த வரிசை 109 கப்பல்.

என்னைக் கேட்டால் வலைப்பின்னலை எடுத்து, ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வரிசையை மாட்டுங்கள். சிமுலேஷன் உங்கள் பெட்டி இறங்கும் துறைமுகத்துக்கு மட்டும். அப்புறம் ரிஸ்க். 2021 மார்ச்சில் எவர் கிவன் சூயஸை ஆறு நாள் அடைத்தபோது சுமார் 400 கப்பல் பெரும்பாலும் காத்தே நின்றன. செங்கடல் தாக்குதல் மாதக்கணக்கில் நீண்டதும் பெரிய கம்பெனிகள் வழியையே மாற்றின. உங்கள் மாடலில் சூயஸை ஆறு நாளும் ஆறு மாதமும் மூடிப் பாருங்கள், ஒரே மாதிரி விடை வந்தால் அதில் காத்திருப்பதா சுற்றுவதா என்று முடிவெடுக்கும் பகுதியே இல்லை.